ஆவாரம் செடிக்குள் என்ன இருக்கிறது? வேலூர்ப் பக்கத்துச் செடியை முன்வைத்து ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எம்.எஸ்ஸி. வேதியியல் புராஜெக்டுக்கு ஆவாரம் செடியை எடுத்திருக்கிறீர்கள். அதிலுள்ள வேதிப்பொருள்கள், தாதுக்கள் பற்றிப் படித்த இடத்திலெல்லாம் வேறு வேறு எண்கள் இருக்கின்றன, எதை நம்புவது என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் உள்ள உங்கள் அப்பா வாலாஜா பக்கம் பாலாற்றங்கரையில் ஆவாரம்பூ பறித்து வந்து தினமும் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். அந்த டம்ளரில் அவர் உடம்புக்குள் என்ன போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. இலையிலும் காயிலும் குடலை இளக்கும் ஆந்த்ரகுயினோன் வகைப் பொருள்கள். பூவில் ஃபிளேவனாய்டு என்ற ஃபீனால் வகைப் பொருள்கள், ஸ்டீரால் என்ற கொழுப்பு வகைப் பொருள்கள், கொஞ்சம் டானின். எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் அதிகமாகவும் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு சிறிதளவாகவும் இருக்கும். பாடப்புத்தகத்துக்கு இது போதும். ஆனால் எந்தப் பகுதி, எந்த மண், எதில் ஊறவைத்தது, எந்தக் கருவியில் அளந்தது என்ற நான்கும் பக்கத்தில் எழுதப்படாத எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் செடி, அதாவது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துச் செடி என்றால் இந்த நான்கில் மண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். காரணம் பின்னால் வரும்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பது முதல் வேலை. ஆவாரையின் இப்போதைய தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய ஆய்வுகளில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான், இரண்டு பெயரிலும் தேடுங்கள். மஞ்சள் பூவை மட்டும் பார்த்துப் பறித்துவிடக் கூடாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஆவாரையில் அங்கே காது மடல் போல வட்டமாக, அகலமாக இரண்டு சிற்றிலைகள் தண்டை ஒட்டிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் உதிராது. ஒவ்வொரு ஜோடி இலைக்கும் நடுவில், காம்பின் மேல், ஒரு சின்னக் குச்சி போலச் சுரப்பி நிமிர்ந்திருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் விதைகள் தனித்தனி அறையில் இருப்பது தெரியும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் பேயாவிரை. ஏரிக்கரையிலும் குப்பைமேட்டிலும் ஆவாரைக்குப் பக்கத்திலேயே முளைக்கும். நான்கைந்து ஜோடி இலைதான், நுனி கூராக இருக்கும், கசக்கினால் கெட்ட வாடை வரும், சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்றுதான். அதன் விதை ஆபத்தானது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாகச் சிறு குழந்தைகள் குளிர்காலத்தில் திடீரென மயங்கி இறந்துகொண்டிருந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே அதை நினைத்திருந்தார்கள். குழந்தைகள் பேயாவிரைக் காயைத் தின்றதால் வந்த நஞ்சு அது என்று 2007-ல் கட்டுரை வெளியிட்ட குழுவில் நம் வேலூர் சி.எம்.சி.யின் ஓய்வுபெற்ற வைரஸ் இயல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் ஒருவர். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்கியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதிலுள்ள ஆந்த்ரகுயினோன்களையே சந்தேகப்பட்டன. உங்கள் மாதிரியில் ஒரே ஒரு கிளை பேயாவிரை கலந்திருந்தாலும் நீங்கள் எழுதப்போகும் அட்டவணை ஆவாரையின் அட்டவணையாக இருக்காது. கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டி, உலர்த்திய மாதிரி ஒன்றை எண் போட்டு வைத்த பிறகே அரைக்கத் தொடங்குங்கள்.

இனி டானின். வட ஆற்காட்டின் சரித்திரத்தில் ஆவாரை இடம் பிடித்தது மருந்தாக இல்லை, தோல் பதனிடும் பட்டையாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் குரோமிய உப்பில் பதனிடும் முறை வருவதற்கு முன்னால் தொட்டித் தொட்டியாக ஊறியது ஆவாரம்பட்டைதான். சுண்ணாம்பில் மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும், கடுக்காய் அதைத் தடுக்கும். கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் பின்னால் இருந்தது இந்த முறைதான்.

உலர்ந்த பட்டையில் 18 சதவீதம் அளவுக்கு டானின் என்பது பழைய கணக்கு. செடியின் வயதையும் கிளையின் பருமனையும் பொறுத்து ஏறும், இறங்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையில் இது 30 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் ஆவாரை மெல்லப் பின்தங்கியது. பிறகு குரோமியம் சல்பேட் வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது.

ஆவாரையின் டானின் செறிவுற்ற வகையைச் சேர்ந்தது. அதாவது கேட்டச்சின் போன்ற சிறு மூலக்கூறுகள் கார்பனோடு கார்பனாகக் கோத்துக்கொண்ட சங்கிலி. கடுக்காயில் இருப்பது நீரால் உடையும் வகை, அமிலத்தில் வேகவைத்தால் காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமும் சர்க்கரையும் பிரியும். இந்த வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். ஆவாரம்பட்டையை இரும்புச் சட்டியில் போட்டுக் கொதிக்க வையுங்கள். செம்பழுப்பாக இருக்க வேண்டிய சாறு சட்டியின் ஓரத்திலிருந்து பச்சை கலந்த கறுப்பாக மாறிக்கொண்டு வரும். கடுக்காயை அதே சட்டியில் போட்டால் வருவது நீலக்கறுப்பு, பழைய காலத்து எழுதும் மையின் நிறம். ஆய்வகத்தில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் இதே வினைதான். மருந்துக்குக் காய்ச்சும்போது மண்சட்டியோ எவர்சில்வரோ போதும், இரும்பு வேண்டாம்.

தோலில் டானின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் வயிற்றில் என்ன செய்யும் என்பதும் புரிந்துவிடும். டானினில் வரிசையாக நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தோலின் கொலாஜன் புரதத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. நடுவிலிருந்த தண்ணீர் வெளியேறுகிறது, தோல் அழுகாமல் நிலைக்கிறது. பூத் தண்ணீரை வாயில் வைத்ததும் நாக்கு இறுகுவதும் அதே வேலைதான், எச்சிலிலுள்ள புரதத்தை டானின் பிடிக்கிறது. வயிற்றுப்போக்குக்கும் வாய்ப்புண்ணுக்கும் நம் பாட்டிமார் ஆவாரம்பட்டைச் சாற்றைக் கொடுத்ததும் இந்தத் துவர்ப்புக்காகத்தான். அதே டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். கீரை, கேழ்வரகு சாப்பிட்ட கையோடு ஆவாரம்பூ தண்ணீர் குடித்தால் அந்த இரும்பில் பெரும்பங்கு உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். டீயும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

இலைக்கும் காய்க்கும் வருவோம். காயின் தோலிலிருந்து எமோடின், கிரைசோபனால், ரூபியாடின் ஆகிய ஆந்த்ரகுயினோன்களையும், நோனகோசேன் என்ற 29 கார்பன் மெழுகையும் பிரித்திருக்கிறார்கள். பேதி மருந்தாக உலகமெங்கும் போகும் திருநெல்வேலி நிலாவாரை இதன் நெருங்கிய உறவு. அதன் சென்னோசைடுகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் உடைக்கப்பட்டுக் குடலைத் தூண்டுகின்றன. ஆவாரை இலைக்கு அதைவிட மென்மையான பேதிக் குணம் உண்டு. பட்டை கட்டும், இலை இளக்கும். ஒரே செடியின் இரண்டு பகுதிகளுக்கு எதிரெதிர் வேலை இருக்கும்போது, ஐந்து பகுதிகளையும் ஒன்றாகப் பொடித்து ஒரே அட்டவணை போடும் கட்டுரைகளை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. சித்த மருத்துவத்தில் பஞ்சாங்கமாக, அதாவது ஐந்து பகுதிகளையும் சேர்த்து எடுப்பதற்கு மருந்துக் காரணம் இருக்கிறது. பகுப்பாய்வுக்கு அது ஒத்துவராது, வேர், பட்டை, இலை, பூ, காய் என்று பிரித்தே செய்யுங்கள்.

ஆந்த்ரகுயினோன் இருக்கிறதா என்று சோதிக்க, அமோனியாவில் நிறம் பார்க்கும் பார்ன்ட்ரேகர் முறை போதும். ஆனால் நேராக அமோனியா விட்டால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆந்த்ரகுயினோன் பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். முதலில் நீர்த்த அமிலத்தில் கொதிக்க வைத்துச் சர்க்கரையைக் கழற்றிவிட்டு, குளோரோபாமில் பிரித்து, அதன் பிறகு அமோனியா விட்டுக் குலுக்குங்கள். மேல் அடுக்கு ரோஜா நிறம் ஏறும்.

பூவில் கேம்ப்ஃபெரால், குவெர்செட்டின், லூட்டியோலின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் பீட்டா சிட்டோஸ்டீராலும் பதிவாகியிருக்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் படித்த கட்டுரைகளில் பாதி, சாற்றை ஆவியாக்கிப் பிரித்தறியும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஓட்டி "முப்பது சேர்மங்கள் கண்டறியப்பட்டன" என்று பட்டியல் போட்டிருக்கும். அந்தக் கருவியில் ஆவியாகும் பொருள் மட்டுமே ஓடும். டானின் ஆவியாகாது. சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டு ஆவியாகாது. சென்னோசைடும் ஆவியாகாது. ஆக, ஆவாரையின் முக்கியப் பொருள்கள் எல்லாம் கருவியின் வாசலிலேயே நின்றுவிட, பட்டியலில் கொழுப்பு அமிலங்களும் பைட்டாலும் மட்டும் நிறைந்திருக்கும். சில பட்டியல்களில் தாலேட் என்று முடியும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள்கள் அவை. அவற்றைச் செடியின் சொத்து என்று எழுதும் முன் கரைப்பான் வந்த பிளாஸ்டிக் கேனையும் குழாயையும் சந்தேகப்பட வேண்டும். மேலும், அந்தப் பெயர்கள் கணினி நூலகத்தோடு ஒப்பிட்டு வந்தவை. தூய பொருளை வாங்கி அருகில் ஓட்டி உறுதி செய்யாதவரை அவை ஊகம்தான். பூவுக்கு, ஆவியாக்காமல் கரைசலாகவே பிரித்தறியும் எச்.பி.எல்.சி. அல்லது எல்.சி.-எம்.எஸ். பாருங்கள். "மொத்த ஃபீனால் இத்தனை மில்லிகிராம் காலிக் அமிலச் சமானம்" என்பதையும் அதே கவனத்தோடு படியுங்கள். அந்தச் சோதனையில் ஃபீனால் மட்டும் நீலமாகாது, வைட்டமின் சி போல எலக்ட்ரான் கொடுக்கும் வேறு பொருள்களும் நிறம் கொடுக்கும்.

சர்க்கரை நோய் விஷயம். 2002-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், மருந்து கொடுத்துச் சர்க்கரை ஏற்றிய எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை ஒரு கிலோ எடைக்கு 0.45 கிராம் வீதம் 30 நாள் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தன. நல்ல ஆய்வு. அதை அப்பாவின் டம்ளரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலிக்கான அளவை மனிதனுக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்குத் தினம் சுமார் 4.4 கிராம் உலர்சாறு வரும். இது பூவின் எடை இல்லை, சாற்றைக் காய்ச்சி வற்றவைத்த பொடியின் எடை. நூறு கிராம் பூவிலிருந்து இருபது கிராம் பொடி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் தினம் 22 கிராம் உலர்ந்த பூ வேண்டும். உலர்ந்த பூ எடையே இல்லாத பொருள், 22 கிராம் என்றால் இரண்டு மூன்று கைப்பிடிக்கு மேல் வரும். வீடுகளில் போடுவது ஒரு சிட்டிகை அல்லது நாலைந்து பூ. எலியில் கண்ட பலனை அந்த நாலைந்து பூவிடம் எதிர்பார்க்க முடியாது.

சித்த மருத்துவத்திலும் ஆவாரையைத் தனியே நம்பி விடவில்லை. ஆவாரைக் குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு சேரும். அதைப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார்.

இன்னும் இரண்டு செய்திகளை உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இலங்கையில் ரணவரா என்ற பெயரில் ஆவாரையைத் தேநீராகப் பரவலாகக் குடிக்கிறார்கள். 1981-ல் அங்கிருந்து வந்த ஓர் ஆய்வு, ஆவாரையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு இருப்பதாகச் சொன்னது. அந்த வகை ஆல்கலாய்டு கல்லீரலுக்கு ஆகாதது. அதே நாட்டில் 2004-ல் வந்த எலி ஆய்வில், ஆவாரைத் தேநீரோடு வலிப்பு மருந்து கார்பமசெபின் கொடுத்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. பூவை எப்போதாவது கொதிக்க வைத்துக் குடிப்பதற்காக யாரும் பதற வேண்டாம். இலையை மாதக்கணக்கில் தினமும் குடிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கண்டிப்பாக வேண்டாம். சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிட்டு இதைக் குடிப்பது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் உடனே ஏதாவது இனிப்பு கொடுங்கள். மருத்துவரிடம் ஆவாரம்பூ குடிப்பதை மறைக்க வேண்டாம்.

தாதுக்கள் பகுதியில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நிலத்தாவரங்களின் உலர் எடையில் பொட்டாசியம் ஒரு சதவீதத்தை ஒட்டியும், கால்சியம் அரை சதவீதத்தை ஒட்டியும், மெக்னீசியமும் பாஸ்பரஸும் தலா 0.2 சதவீதத்தை ஒட்டியும் இருப்பது பொதுவான நிலை. இரும்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம், மாங்கனீஸ் 50, துத்தநாகம் 20, செம்பு 6 என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆவாரையும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு ஏறலாம், இறங்கலாம். எங்காவது இரும்பு கிலோவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இலையில் ஒட்டிய செம்மண். நம் ஊர் மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அதே மாதிரியில் அலுமினியத்தையும் அளவுங்கள். மண்ணில் அலுமினியம் ஏராளம், இலைக்குள் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து ஏறினால் நீங்கள் அளந்தது புழுதி. அமிலத்தில் கரையாத சாம்பல் அதிகமாக வந்தாலும் அதே சேதிதான், அது மணல்.

இந்த எண்களை உணவுக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஆவாரம்பூவில் சத்து நிறைய என்று சொல்லும் விளம்பரங்களின் பலம் தெரிந்துவிடும். ஐந்து கிராம் உலர்ந்த பூவில் இரும்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் கிடைப்பது அரை மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கில் ஆணுக்குத் தினம் 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். அந்த அரையிலும் டானின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். கால்சியமும் அப்படியே. சென்னா இனங்களின் இலையை நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பை ஒட்டிக் கட்டம் கட்டமாகப் படிகங்கள் மின்னும், அவை கால்சியம் ஆக்சலேட். சாம்பலில் அவ்வளவும் கால்சியமாகக் கணக்கில் ஏறும். ஆனால் அது தண்ணீரில் கரையாது, குடலும் அதை எடுத்துக்கொள்ளாது. கொதிநீரில் நன்றாக இறங்கி வருவது பொட்டாசியம் ஒன்றுதான். சத்துக்காக ஆவாரம்பூ குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு பிடி முருங்கைக் கீரையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

நைட்ரஜன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவாரை அவரைக் குடும்பம் என்பதால் வேரில் முடிச்சு இருக்கும், நைட்ரஜனைப் பிடிக்கும் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சென்னா இனங்களின் வேரில் ரைசோபியம் முடிச்சு உண்டாவதில்லை. பிடுங்கிப் பார்த்தாலே தெரியும்.

இப்போது மண். ஒரே திருப்பத்தூர் வட்டாரத்துக்குள் இரண்டு முற்றிலும் வேறான பாறைகள் இருக்கின்றன. ஏலகிரி மலை சையனைட் (syenite) என்ற பாறை, பொட்டாசியம் தாங்கும் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் நிறைந்தது. அதன் அருகே சேவாத்தூரில் இருப்பது கார்பனடைட், பூமியின் ஆழத்திலிருந்து உருகி மேலே வந்த சுண்ணாம்புப் பாறை. கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் தாங்கும் அபடைட் எல்லாம் அங்கே உண்டு. வெர்மிகுலைட் என்ற கனிமமும் அங்கே உண்டு. ஜவ்வாது மலைப் பக்கம் இருப்பவை சார்னகைட், நைஸ் என்ற வேறு பாறைகள். இந்த மூன்று இடத்துக் கரம்பு மண்ணிலும் ஆவாரை நிற்கும். மூன்றிலும் ஒரே சாம்பல் வரும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமே இல்லை. இப்படியொரு இயற்கைச் சோதனைக்களம் பக்கத்திலேயே இருக்கும்போது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய, எந்த ஊர்ச் சரக்கு என்றே தெரியாத பொடியை வைத்துப் புராஜெக்ட் செய்யாதீர்கள்.

அடுத்தது பாலாறு. தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீர் இந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய வழக்கு அது. தீர்ப்பு வந்ததால் மண்ணில் இறங்கிய குரோமியம் எழுந்து போய்விடவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், அது மண்ணில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். குரோமேட் ஆலைக் கழிவிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கும்.

செடி உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், பூவுக்கு ஏறுவது குறைவு. உங்கள் அப்பா பூ மட்டும் எடுப்பதில் அந்த அளவுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் வேர்ப்பட்டை சேர்த்தவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. பூவின் மேல் படியும் புழுதிக்கும் அது பொருந்தாது. தோலை உப்பிட்டு வைக்கும் உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில்தான் கலக்கிறது, அதனால் ஆம்பூர் பக்கத்துச் செடியில் சோடியம் எகிறியிருந்தால் வியப்பில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் என்றால் ஈயம். ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுவதும் நிறுத்தியது 2000-ல். அதுவரை படிந்த ஈயம் மேல்மண்ணில் இன்னும் கிடக்கிறது.

குரோமியம் இருந்தால் சர்க்கரைக்கு நல்லதுதானே என்று ஒரு பேச்சு உண்டு. சர்க்கரைக்கான மூலிகைகளில் குரோமியத்தை அளந்து, அதைக் குணத்துக்குக் காரணமாகக் காட்டும் கட்டுரைகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் இந்த வாதம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அமெரிக்கக் கணக்கிலேயே ஒருவருக்குத் தினம் போதும் என்று சொல்வது 25 முதல் 35 மைக்ரோகிராம்தான், சாதாரணச் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-ல், மனிதனுக்குக் குரோமியம் தேவை என்பதற்கே சான்று போதவில்லை என்று சொல்லிவிட்டது. பாலாற்றங்கரை ஆவாரையில் குரோமியம் கூடுதலாகக் கண்டால் அதை மருந்துக் குணம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

அளக்கும் முறையில் சில சின்ன விஷயங்கள் முடிவையே மாற்றிவிடும். மிக்சியில் அரைக்க வேண்டாம். எவர்சில்வர் பிளேடிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன, தேய்ந்து மாதிரியில் சேரும். அகேட் கல் உரலிலோ பீங்கான் உரலிலோ இடியுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கழுவியும் மறு பாதியைக் கழுவாமலும் ஓட்டுங்கள், கழுவிய தண்ணீரையும் தனியே அளவுங்கள். வீட்டில் அப்பா பூவைக் கழுவினால் எவ்வளவு போகும் என்பதற்கும் அதுவே பதில் சொல்லும். பொட்டாசியம், சோடியத்துக்கு ஃபிளேம் ஃபோட்டோமீட்டர் போதும். கால்சியத்தை அணு உறிஞ்சல் கருவியில் அளக்கும்போது லாந்தனம் சேருங்கள், இல்லாவிட்டால் பாஸ்பேட் அதைப் பிடித்து எண்ணைக் குறைத்துக் காட்டும். குரோமியத்துக்கு அந்தக் கருவியின் சுடர் முறை போதாது. கிலோவுக்கு அரை மில்லிகிராம் இருக்கும் ஒரு கிராம் மாதிரியை 25 மில்லியில் கரைத்தால் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம்தான், சுடரில் அது சரியாகத் தெரியாது. மிகச் சிறிய அளவையும் காட்டும் கிராஃபைட் உலை அல்லது ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி உள்ள இடத்தில் கொடுத்து ஓட்டுங்கள். மாதிரி இல்லாமல் அமிலத்தை மட்டும் கொதிக்க வைத்த வெற்றுக் கரைசல் ஒன்று ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கட்டும்.

பறிக்கும் இடம்: அமிர்தி, கண்ணமங்கலம் பக்கத்து மலையடிவாரக் கரம்புகளில், சாலையிலிருந்தும் ஏரி வரத்துக் கால்வாயிலிருந்தும் தள்ளி நிற்கும் செடி நல்லது. காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கல்லூரிக் கடிதம் இருந்தால் வேலை எளிது. அப்பாவைப் பாலாற்றங்கரையில் பறிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பறித்த பூவை நிழலில், துணிமேல் பரப்பி உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறமும் வெளுக்கும், ஃபிளேவனாய்டும் குறையும். தார்ச்சாலையில் பரப்புவது அறவே கூடாது.

ஒருவேளை அவர் கடையில் பொட்டலமாக வாங்கத் தொடங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். மூலிகைகளுக்கு ஆயுஷ் விதிகள் எல்லை போட்டிருப்பது நான்கு உலோகங்களுக்கு: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3, எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில். குரோமியம் அந்தப் பட்டியலில் இல்லை. "கன உலோகச் சோதனையில் தேறியது" என்ற சான்று நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவையான உலோகத்தைத் தொடாமலேயே கொடுக்கப்பட்டிருக்கலாம். புராஜெக்டுக்கு மாதிரி அனுப்பும்போதும், வீட்டுக்கு வாங்கும்போதும், படிவத்தில் குரோமியம் என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.